ஈரத் தரையில் பிறந்த பாலிசி

1908-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இரண்டு சின்ன வழக்குகள் வந்தன. ஒன்று, ஒரு வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும், அதோடு ஒன்றுவிட்ட செவ்வாய்களிலும் துணி துவைக்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுடையது. மற்றது, வீட்டுக்காரர் ஆளனுப்பும்போதெல்லாம் வந்து ஜன்னல் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவருடையது. இருவருக்கும் வேலை செய்த இடத்தில் அடிபட்டது. இருவரும் நஷ்ட ஈடு கேட்டார்கள். துவைத்தவருக்குக் கிடைத்தது, துடைத்தவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண் வரும் கிழமை முன்கூட்டியே தெரியும், ஆகவே அவர் வேலையாள். ஜன்னல்காரர் எப்போது வருவார் என்பது கண்ணாடியில் அழுக்குச் சேர்வதைப் பொறுத்தது. ஆகவே அவர் எப்போதாவது வந்துபோகிறவர். சட்டத்தின் கணக்கில் அந்த வீட்டுக்கு அவர் யாருமில்லை.

துப்புரவுத் தொழிலுக்கான பொறுப்புக் காப்பீட்டின் கதையை அங்கிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இன்று சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கட்டடத்தின் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டுக்கு விலை கொடுப்பவர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. காகிதங்களோடு லயபிலிட்டி பாலிசி நகல் ஒன்றையும் இணைக்கிறார். உங்கள் ஆள் துடைத்த ஈரத்தில் யாராவது வழுக்கி விழுந்தாலோ, அவர் தூக்கிப்போன ஏணி பிறருடைய கண்ணாடியில் இடித்தாலோ, சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டியதை நாங்கள் கொடுக்கிறோம் என்கிறது அந்தக் காகிதம். தீக் காப்பீடு நம் பொருளுக்கு. இது, நம் மேல் மற்றவர் தொடுக்கும் வழக்குக்கு. ஆனால் வழக்குத் தொடுக்க முதலில் ஒரு தகுந்த ஆள் வேண்டுமே! வாளியும் துடைப்பமும் மட்டுமே சொத்தாக உள்ளவர் மேல் வழக்குப் போட்டு என்ன தேறும்? துடைப்பவர் வீட்டு வேலையாளாக இருந்தவரை இந்தக் காப்பீட்டுக்குத் தேவையே எழவில்லை. துடைப்பது ஒரு கம்பெனியின் தொழிலாக மாறிய பிறகுதான் அது பிறந்தது.

தாய்வழியைப் பார்த்தால், பிறருக்குக் கொடுக்க வேண்டியதற்குக் காப்பீடு என்ற யோசனை இங்கிலாந்தில் கடலிலிருந்து கரையேறியது. ஹூக்ளி ஆற்றில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்ட விவகாரம் ஒன்று லண்டன் நீதிமன்றத்தில் 1836-இல் தீர்ப்பானது. கப்பல்காரரிடம் பாலிசி இருந்தது. தன் கப்பலின் சேதத்துக்கு அது செல்லும். எதிர்க் கப்பலுக்குக் கொடுக்க நேர்ந்த தொகைக்கும் செல்லுமா? செல்லாது என்றது நீதிமன்றம். அதன்பின் கப்பல்காரர்கள் பாலிசியில் தனி வாசகம் ஒன்றைச் சேர்த்து வாங்கத் தொடங்கினார்கள்: மோதலில் பிறருக்குத் தர வேண்டியதையும் தர வேண்டும். காப்பீட்டாளர்கள் தலையாட்டினார்கள், முக்கால் பங்குக்கு மட்டும். மீதிக் கால் பங்கு கையைக் கடித்தால்தான் கப்பல்காரர் கண் விழித்துக் கப்பல் ஓட்டச் சொல்வார் என்பது கணக்கு. கப்பல்காரர்கள் விட்டார்களா? 1855-இலிருந்து தங்களுக்குள்ளேயே சங்கம் சேர்ந்து அந்தக் கால் பங்குக்கும் காப்பீடு செய்துகொண்டார்கள். காப்பீட்டாளர் வேலி போடுவார், தொழில்காரர் அதில் ஒரு சந்து திறப்பார். கதை கடைசிவரை இப்படியேதான் போகிறது.

அந்தக் கால் பங்குக்குப் பின்னால் ஒரு பழைய சங்கடம் இருந்தது. வீடு எரிந்தவனுக்குப் பணம் கொடுப்பது சரி, அது விதி. கவனக்குறைவால் பிறர் காலை ஒடித்தவனுக்கு எதற்குக் காப்பீடு? தப்புக்குத் துணைபோவதாகாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கேட்டவர்கள் நிறையப் பேர், நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் கால் ஒடிந்தவரின் பக்கம் நின்று யோசித்தால் கணக்கு வேறு. ஒடித்தவரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பை வைத்துக்கொண்டு அடுப்பு மூட்ட முடியாது.

கரையில், பொறுப்பு யாருடையது என்ற கேள்வி ஒரு கறிக்கடை வண்டியில் ஏறி வந்தது. லிங்கன்ஷயரில் மார்க்கெட் டீப்பிங் என்ற ஊர். அங்கே பவுலர் என்ற கறிக்கடைக்காரர். அவரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்ற இளைஞர். அளவுக்கு மீறி ஆட்டிறைச்சி ஏற்றிய வண்டி உடைந்து பிரீஸ்ட்லியின் தொடை எலும்பு முறிந்தது. ஜூரி அவருக்கு 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. 1837-இல் நீதிபதி லார்டு அபிங்கர் அதைத் தள்ளுபடி செய்தார். அவர் சொன்ன காரணத்தைப் படித்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். இந்த வேலையாளுக்குக் கொடுத்தால் பிறகு எங்கே போய் நிற்பது என்று வரிசையாகக் கேட்டார்: படுக்கையைச் சரியாக உலர்த்தாத பணிப்பெண்ணின் குற்றத்துக்கும் எஜமானர்தான் பொறுப்பா? செம்புப் பாத்திரத்தைச் சரியாகத் துலக்காத சமையல்காரியின் குற்றத்துக்குமா? ஏராளமான வேலையாள்களை வைத்து நடந்த அன்றைய பெரிய வீடுகளை நினைத்துத்தான் நீதிபதி பயந்திருக்கிறார். துலக்காத பாத்திரம் ஒரு வாதமாகச் சட்டப் புத்தகத்தில் ஏறியதே, அதற்கு நஷ்ட ஈடு கூடாது என்று சொல்வதற்காகத்தான்.

ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர் சக வேலையாளின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்ற கொள்கை இதிலிருந்து கிளைத்தது. ரயில், சுரங்கம், ஆலை என்று ஆயிரக்கணக்கானோரை அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியது. இங்கிலாந்து அதை முழுக்கக் கைவிட்டது 1948-இல்தான்.

முதல் ஓட்டை 1880-இல் விழுந்தது. பழுதான கருவி, மேற்பார்வையாளரின் தவறு போன்ற சில காரணங்களுக்கு முதலாளியே பொறுப்பு என்று ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டில் லண்டனில் அந்தப் பொறுப்புக்கென்றே ஒரு காப்பீட்டுக் கம்பெனி தொடங்கப்பட்டது, பெயரே எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி அஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன். சட்டத்தின் மை உலர்வதற்குள் அதற்கு ஒரு பாலிசி! 1886-இல் அந்தக் கம்பெனி அமெரிக்காவின் பாஸ்டனிலும் கடை திறந்துவிட்டது. ஆனால் 1880 சட்டம் வீட்டு வேலையாள்களைச் சேர்க்கவில்லை. 1897-இல் வந்த அடுத்த சட்டம் இன்னும் துணிச்சலானது. யார் தப்பு என்று கேட்காமலே நஷ்ட ஈடு தரச் சொன்னது. அதிலும் ரயில்வே, ஆலை, சுரங்கம், கல்குவாரி, உயரமான கட்டட வேலை என்று அபாயமான தொழில்களுக்கு மட்டுமே இடம். தரை துடைப்பது அபாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1906-இல் கதவு திறந்தது. அந்த ஆண்டுச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையாள்களையும் சேர்த்துக்கொண்டது, வீட்டு வேலை செய்பவர்கள் உட்பட. 1907 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது பெரிய மனிதர்களின் வீடுகளில் ஒரே களேபரம். படியைத் தேய்க்கும் பெண் வழுக்கி விழுந்தால் நம் சொத்துக்கே ஆபத்தா? காப்பீட்டுக் கம்பெனிகளுக்கோ நல்ல வேட்டை. வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்குச் சில ஷில்லிங் என்று வீட்டு எஜமானர்களுக்குப் பாலிசி விற்றார்கள். துடைப்பவருக்காக எழுதப்பட்ட முதல் பாலிசிகள் இவைதான் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு வரி ஒளிந்திருந்தது: எப்போதாவது வேலைக்கு வருபவராக இருந்து, எஜமானரின் தொழில் சாராத வேலையைச் செய்பவரானால் அவர் வேலையாளே அல்ல. ஜன்னல்காரரை மறு ஆண்டே வெளியே நிறுத்தியது அந்த வரிதான். இந்தியாவுக்கும் கப்பலேறிய வரி அது, பின்னால் பார்ப்போம்.

இதற்கிடையில் நகரங்கள் உயர்ந்தன. ஆபீஸ் கட்டடங்களில் வீட்டு எஜமானர் கிடையாது, அவருடைய வேலைக்காரியும் கிடையாது. ஆயிரம் ஜன்னலை யார் துடைப்பது? கான்ட்ராக்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள் வந்தன. இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஐ.எஸ்.எஸ். 1901-இல் கோபன்ஹேகனில் இரவுக் காவல் கம்பெனியாகத் தொடங்கியது; 1934-இல் துப்புரவுக்குத் தனிக் கம்பெனி வைத்தது. ராத்திரி காவலுக்கு ஆள் அனுப்புபவருக்கு, காலையில் துடைக்க ஆள் அனுப்புவது பெரிய தாவல் இல்லை. இரண்டிலும் விற்பது ஒன்றே: உங்கள் கட்டடத்தின் சாவியை நம்பிக் கொடுக்கலாம் என்ற வாக்கு.

கம்பெனி வந்தாயிற்று. வழக்குகளும் வந்தன. என்னைக் கேட்டால் இந்தக் காப்பீட்டுக்குத் தகப்பன் எந்த மேதையும் அல்ல. 1944-க்கும் 1965-க்கும் இடையில் தீர்ப்பான நாலைந்து அற்ப விவகாரங்கள்தாம்.

முதலாவது, ஒரு பள்ளிக்கூடப் படி. ஹேஸ்டிங்ஸ் நகரில் பனி பெய்த ஒரு நாள். பள்ளியைச் சுத்தம் செய்பவர் படியிலிருந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, அடியில் வழுவழுவென்று உறைந்திருந்த பனிக்கட்டியை அப்படியே விட்டுவிட்டார். ஒரு மாணவன் விழுந்தான். அதற்குச் சில ஆண்டு முன்பு வேறொரு வழக்கில், லிஃப்ட் பழுதாகி ஒருவர் காயப்பட்டபோது, கட்டடக்காரர் தகுந்த இன்ஜினியர்களிடம் வேலையை ஒப்படைத்திருந்தார் என்று நீதிமன்றம் அவரை விட்டிருந்தது. அதே வாதம் இங்கே எடுபடவில்லை. துப்புரவுப் பெண்களின் தொழிலில் ஏதேதோ நுணுக்கங்கள் இருக்கலாம், ஆனால் பனி மூடிய படியைச் சுத்தம் செய்வதில் வெளியாளுக்குப் புரியாத ரகசியம் ஒன்றுமில்லை என்றார் நீதிபதி டூ பார்க். கேலியான வாக்கியம்தான், விளைவு கேலியானதல்ல. லிஃப்டுக்கு ஆள் வைத்தால் பொறுப்புக் கைமாறலாம். துடைக்க ஆள் வைத்தால் மாறாது. கட்டடக்காரர் அப்போது என்ன செய்வார்? பொறுப்பைக் கைமாற்ற முடியாவிட்டால் செலவையாவது கைமாற்றுவார். ‘உங்கள் ஆளால் எனக்கு வரும் வழக்குக்கு நீங்கள் ஈடுகட்ட வேண்டும், அதற்குப் பாலிசியும் காட்ட வேண்டும்’ என்று இன்று ஒவ்வொரு ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தத்திலும் இருக்கும் ஷரத்தின் வேர் இந்த மாதிரித் தீர்ப்புகளில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, மறுபடியும் ஒரு ஜன்னல். லண்டனில் கலிடோனியன் கிளப் என்ற மேட்டுக்குடி மன்றம். ஜெனரல் கிளீனிங் கான்ட்ராக்டர்ஸ் என்ற கம்பெனி அனுப்பிய தொழிலாளி வெளிப்பக்க விளிம்பில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் கிறிஸ்துமஸ். அந்தக் கால ஜன்னல்கள் மேலும் கீழும் நகரும் இரட்டைச் சட்டங்கள். பிடிமானத்துக்குச் சட்டத்தின் விளிம்பில் நாலு விரல். சட்டம் சரிந்து விரல் மேல் விழுந்தது. கை தானாக விட்டது. ஆள் கீழே போனார். சுவரில் பெல்ட் மாட்டக் கொக்கி இல்லை. விளிம்பில் நிற்பது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர் தொழிலாளிதான் என்று கம்பெனி வாதாடியது. 1952-இல் பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. எல்லோரும் செய்வது என்பது பதிலாகாது. பாதுகாப்பான முறையை யோசிக்க வேண்டியது ஜன்னல் விளிம்பில் தொங்குகிறவர் அல்ல, ஆபீசில் உட்கார்ந்திருக்கும் முதலாளி. ஒரு சின்ன மர ஆப்பைச் செருகியிருந்தால் சட்டம் விழுந்திருக்காது. கட்டடத்துக்குச் சொந்தமான கிளப் மேல் பொறுப்பு ஏறவில்லை. துப்புரவுக் கம்பெனி மேல்தான் ஏறியது. 1908-இல் கேட்க ஆளில்லாமல் போன கேள்விக்கு இப்போது பதில் சொல்ல ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. பிறகு பிரிட்டனில் தொழிலாளர் பொறுப்புக் காப்பீடு ஏறக்குறைய எல்லா முதலாளிக்கும் கட்டாயம் என்று 1969-இல் சட்டம் வந்து 1972-இல் அமலானது.

அடுத்த மூன்றும் துணிமணி விவகாரங்கள். 1951-இல் தீர்ப்பான வழக்கில், வெள்ளை சாட்டின் கல்யாண கவுன் ஒன்று சலவைக்கு வந்தது. கடைப் பெண் ரசீதில் கையெழுத்துக் கேட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, மணியும் ஜிகினாவும் உதிர்ந்தால் நாங்கள் பொறுப்பில்லை, அதற்குத்தான் என்றார். ரசீதில் இருந்ததோ, எந்தச் சேதத்துக்கும் எப்படி நேர்ந்தாலும் பொறுப்பில்லை என்று. கவுன் கறையோடு திரும்பியது. வாயால் சொன்னது ஒன்று, அச்சில் இருந்தது ஒன்று. ஆகவே அச்சு செல்லாது என்றது நீதிமன்றம். பிறகு 1965-இல் ஒரு மிங்க் ரோமச் சால்வை. உரிமையாளர் ஒருவரிடம் கொடுக்க, அவர் இன்னொரு சலவைக் கம்பெனிக்கு அனுப்ப, அங்கே அதைச் சுத்தம் செய்ய வேண்டிய ஊழியரே சுருட்டிக்கொண்டு போய்விட்டார். திருடியது ஊழியர், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றது கம்பெனி. எந்தக் கையில் ஒப்படைத்தீர்களோ அதே கை திருடினால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார் நீதிபதி லார்டு டென்னிங்.

மூன்றாவது நம்மூர்ப் புடவை. சென்னையில் ஒரு சலவைக் கடையில் கொடுத்த புடவை தொலைந்துபோனது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், பொருள் தொலைந்தால் விலையில் ஒரு பகுதியைத்தான் தருவோம் என்று அச்சிட்டிருந்தார்கள். வழக்கு மெட்ராஸ் உயர் நீதிமன்றம்வரை போனது. தீர்ப்பு 1966-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புகளில் வெளிவந்தது. லில்லி ஒயிட் வழக்கு என்றால் இன்றும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்குத் தெரியும். இப்படி ஒரு ஷரத்தை ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும்? புதுப் புடவை ஒன்றைத் தொலைத்ததாகச் சொல்லிவிட்டு, அடிமாட்டு விலைக்குத் தனதாக்கிக்கொள்வது கடைக்காரருக்கு லாபமான வியாபாரமாகிவிடும். பொது நலனுக்கு விரோதம் என்று ஷரத்தை நீதிமன்றம் தள்ளியது. சலவைக் கடைக்காரரின் முதல் காப்பீடு ரசீதின் பின்பக்கம்தான்; பைசாச் செலவில்லாத காப்பீடு. அதை நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகக் கிழித்துப்போட்டதால்தான் காசு கொடுத்து வாங்கும் காப்பீடு தேவைப்பட்டது.

காப்பீட்டுக் கம்பெனிகள் அப்போது கையில் வைத்திருந்தது பொதுவான ஒரு பாலிசி. அமெரிக்காவில் 1940-களின் தொடக்கத்தில் எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றும்படி ஒரே வாசகத்தில் அதை வகுத்தார்கள்; 1986-இல் பெயரையும் சில ஷரத்துகளையும் மாற்றினார்கள். இன்று நம்மூர் ஏஜென்டும் சர்வ சாதாரணமாகச் சொல்லும் சி.ஜி.எல்., அதாவது கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி, அதுதான். ஆலை, கடை, கட்டட கான்ட்ராக்டர் என்று எல்லோருக்கும் பொருந்தும் என்றார்கள். துப்புரவுக்காரருக்கு மட்டும் இடுப்பில் பிடித்தது. ஏனென்றால் அதில் ஒரு விலக்கு உண்டு: உங்கள் பராமரிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் பொருளுக்கோ, நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் அந்தக் குறிப்பிட்ட பகுதிக்கோ நேரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. வேலையை மோசமாகச் செய்துவிட்டு அதற்கும் காப்பீட்டாளரிடம் கை நீட்டக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் துப்புரவுக்காரரிடம் சொந்தப் பொருள் என்று என்ன இருக்கிறது? அவர் தொடுவதெல்லாம் அடுத்தவருடையது.

பாத்ரூம் ஆசிட் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆபீசின் பளிங்குத் தரையில் துருக்கறை. சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில், கறை போகட்டும் என்று ஒருவர் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறார். பளிங்கு சுண்ணாம்புக் குடும்பம். ஆசிட் பட்டதும் பொங்கி நுரைத்து, மெருகு போய்ச் சொரசொரப்பாகிவிடும். கொஞ்சம் தெறித்துப் பக்கத்துக் கம்பளத்தில் ஓட்டை விழுகிறது. துடைத்த ஈரத்தில் ஒரு விருந்தாளி வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். தேய்த்தவரின் கையும் வெந்துவிட்டது. காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வருகிறார். விருந்தாளியின் மணிக்கட்டுக்குப் பாலிசி செல்லும். கம்பளத்துக்கும் செல்லும், ஏனென்றால் வேலை நடந்தது அதன்மேல் அல்ல. தேய்த்தவரின் கைக்கு இது செல்லாது, அது இ.எஸ்.ஐ.யின் பாடு அல்லது தொழில்காரர்கள் இன்னும் டபிள்யூ.சி. பாலிசி என்றே அழைக்கும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியின் பாடு. எல்லாவற்றிலும் விலை கூடிய அந்தப் பளிங்குத் தரைக்கு? வேலை செய்துகொண்டிருந்த பகுதி, விலக்கு. முதலாளி தலையில் கை வைக்கிறார். ஒரே பாட்டில், நாலு சேதம், மூன்று கதி.

இந்த இடத்தில்தான் துப்புரவுத் தொழிலுக்கென்றே தனிப் பாலிசி உருவாயிற்று. அதாவது, பொதுப் பாலிசி கதவைச் சாத்திய இடங்களை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்துத் திறந்துகொண்டார்கள். கையிலெடுத்த பொருளையே கெடுத்துவிட்டால் அதற்கும் கொடுக்கும் சேர்ப்பு ஷரத்து ஒன்று வந்தது. பிரிட்டனில் அதை ட்ரீட்மென்ட் ரிஸ்க் என்பார்கள். அடுத்து சாவி. ஒரு கொத்துச் சாவியைத் தொலைத்தால் எந்தப் பொருளும் உடையவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பத்து மாடிக் கட்டடத்தின் பூட்டெல்லாம் மாற்ற வேண்டும். பொதுப் பாலிசியின் கண்ணில் அது சேதமே இல்லை. அதனால் சாவிக்கென்று தனி வரி. மிங்க் சால்வை மாதிரி விவகாரத்துக்கு வேறு வழி: ஊழியரின் நாணயத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதப் பாலிசி. அமெரிக்காவில் துப்புரவுக் கம்பெனிகளின் விளம்பரத்தில் ‘எங்களுக்குக் காப்பீடும் உண்டு, பாண்டும் உண்டு’ என்று சேர்த்தே எழுதுவார்கள். பாண்டு என்பது இந்தத் திருட்டுக் கணக்கு. வாங்குகிறவர்கள் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். 1923-இல் இங்கே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றினார்கள். 1906-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தின் அந்த வரியை ஏறக்குறைய அப்படியே தூக்கிவந்து வைத்தார்கள்: எப்போதாவது வேலைக்கு வந்து, முதலாளியின் தொழில் சாராத வேலை செய்பவர் தொழிலாளி அல்ல. வெள்ளைக்காரர் போனார், வரி போகவில்லை. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அதை நீக்கினார்கள். 77 ஆண்டுகள்! எதற்காக இத்தனை காலம் என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதே விளக்கமாக இருக்கும்.

பொறுப்புக் காப்பீடு என்ற பெயரையே இங்கே பரவலாக்கியது போபால். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையில் கசிந்த வாயு. மறு ஆண்டு டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையில் கசிந்த ஓலியம். அபாயகரமான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1986-இல் தலைமை நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. உயிரிழப்புக்கு உடனடி நிவாரணம் என்று அன்று அதில் வைத்த தொகை 25,000 ரூபாய். போபாலைப் பார்த்த பிறகும் அவ்வளவுதான் மனம் வந்தது. இந்தச் சட்டம் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் இடங்களுக்கானது. மாப்பும் வாளியும் அதில் வராது. ஆனால் அதன் நிழலில் காப்பீட்டுக் கம்பெனிகளின் விலைப்பட்டியல் பிரிந்தது: சட்டம் கட்டாயமாக்கியது ஒன்று, ஆலைகள் விரும்பி எடுப்பது ஒன்று, ஓட்டல், பள்ளி, ஆபீஸ் போன்ற ஆலையல்லாத இடங்களுக்கு ஒன்று. ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் வந்து உட்கார்ந்தது இந்த மூன்றாவதில்தான். பன்னாட்டு ஐ.டி. கம்பெனிகள் தங்கள் நாட்டு ஒப்பந்த வாசகங்களோடு வந்திறங்கியபோது சி.ஜி.எல்.லும் கூடவே வந்தது.

கான்ட்ராக்டர் பலர் இந்தப் பாலிசியை ஒரு காகிதமாகத்தான் வாங்குகிறார்கள். டெண்டரில் கேட்டிருக்கிறார்கள், குறைந்த பிரீமியத்தில் ஒன்று போடுங்கள். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுக்கச் சேர்த்து எவ்வளவு என்று இரண்டு வரம்பு போட்டிருக்கும்; அதைக்கூடப் பலர் பார்ப்பதில்லை. விலக்குகள் உள்ள பக்கத்தைப் பளிங்கு பொங்கிய பிறகுதான் திருப்புகிறார்கள். கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் மேனேஜருக்கும் அவசரம், ஃபைலில் நகல் இருந்தால் போதும்.

பாலிசியே எட்டிப்பார்க்காத ஒரு துப்புரவும் உண்டு. பாதாளச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் கவசமில்லாமல் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடைசெய்தது. தடைசெய்த வேலை என்பதால் அது நடப்பதாக யாரும் காகிதத்தில் காட்டுவதில்லை. காகிதத்தில் இல்லாத வேலைக்குப் பிரீமியம் கட்டுபவரும் இல்லை. வேலை மட்டும் நடக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. இங்கே காப்பீட்டாளரின் இடத்தில் நீதிமன்றமே நிற்கிறது. ஜன்னல் விளிம்புக்கு ஒரு மர ஆப்பை யோசிக்காத முதலாளியைப் பிரபுக்கள் சபை கேட்ட கேள்வி, இங்கே பெரும்பாலும் ஒரு பெயரில்லாத சப்-கான்ட்ராக்டரிடம் போய் முட்டி நிற்கிறது.

வீட்டு வேலைக்கு வருபவர் கதை இன்னும் விசித்திரம். தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளருக்கென்று நலவாரியம் அமைத்தார்கள். பதிவு செய்தவருக்கு விபத்து உதவி உண்டு. அது அரசு கொடுப்பது. வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியதற்கும் ஒரு வழி எப்போதிருந்தோ இருக்கிறது. நம் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் விற்கும் வீட்டுப் பாலிசித் தொகுப்பில் தீ, திருட்டு, நகை, டி.வி. என்று பிரிவுகள் வரிசையாக இருக்கும். கடைசிப் பக்கமாக, பிறருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்பு என்று ஒரு பிரிவு. அதற்குள் வீட்டு வேலையாள்களுக்கான இழப்பீடு. 1907-இல் சில ஷில்லிங்குக்கு விற்றது எதுவோ அதுதான் இது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏஜென்டுகள் தாமாக அதைப் பற்றிப் பேச்செடுப்பது அபூர்வம், ஏனென்றால் அதில் கமிஷன் சொற்பம். டி.வி.க்குப் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள்.